கிச்சாவி கில்: பல்குச்சியில் வரும் களைக்கொல்லி, வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5க்கு 4 கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

கென்யாவின் மேற்குப் பகுதியில், கிசுமு, சியாயா, புசியா, ககமேகா என்று எங்கே மக்காச்சோளம் போட்டாலும் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையோடுதான் குடித்தனம். தமிழ்நாட்டில் சோளத்திலும் கரும்பிலும் வரும் சுடுமல்லி இருக்கிறதே, அதன் பங்காளிதான் இது. நம் ஊர் சுடுமல்லி குட்டையாக, சிறிய பூவோடு ஏதோ புல்வெளிச் செடி மாதிரி நிற்கும். இங்கே இருப்பது ஸ்ட்ரைகா ஹெர்மோந்திகா, முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து ஊதாவும் ரோஸும் கலந்து பூக்கும். தெரியாதவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். இந்தப் பக்கத்து லுவோ மக்கள் இதைக் கயோங்கோ என்பார்கள், அந்தப் பெயரைச் சொல்லும்போதே முகம் கோணும். நான் வேலைக்காகக் கிசுமுவில் இருக்கிறேன். அலுவலக நண்பரின் குடும்ப ஷாம்பா (இங்கே வயலை அப்படித்தான் சொல்வார்கள்) சியாயா பக்கம் இருக்கிறது, விதை, உரச் செலவில் பாதி என்னுடையது, விளைச்சலில் பாதியும் என்னுடையது. பயிர் செய்வதெல்லாம் நண்பரின் அம்மாதான், இந்த மருந்தை வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்ததும் அவர்தான். ஆக, சோதித்தவர் அவர், எழுதுவது நான்.

மருந்து என்று வாய் தவறி வந்துவிட்டது. இதில் பாட்டில் கிடையாது, பவுடர் கிடையாது, தெளிப்பான் கிடையாது. பல் குத்தும் குச்சி ஒன்று, அதன் மேல் உலர்ந்த பூஞ்சை, அவ்வளவுதான். தயிருக்கு உறை மோர் எப்படியோ அப்படி இந்தக் குச்சி. அதை வேகவைத்து ஆறிய சாதத்தில் போட்டால் சில நாளில் சாதம் முழுக்கப் பூஞ்சை பரவும், அந்தச் சாதத்தைத்தான் விதைக்கும்போது குழியில் போட வேண்டும். இதைக் கேட்டதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நாம் ஊசிப்போனது என்று கொட்டுவதைக் காசு கொடுத்து வாங்குகிறீர்களா என்றாள். ஆமாம், வாங்குகிறோம்.

இந்தக் களை ஏன் இவ்வளவு பாடாய்ப் படுத்துகிறது என்று தெரிந்தால்தான் இந்தச் சாதத்தின் அருமை புரியும். ஒரே ஒரு ஸ்ட்ரைகா செடி 50,000 முதல் 2,00,000 விதை வரை போடும். விதை என்றால் மூக்குப்பொடி அளவுகூட இல்லை, கையில் தட்டினால் புகை மாதிரி பறக்கும். அது மண்ணுக்குள் 15, 20 வருஷம் சாகாமல் படுத்துக்கிடக்கும். மழை பெய்தாலும் முளைக்காது, உழுதாலும் முளைக்காது. மக்காச்சோள வேர் பக்கத்தில் வந்து ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ரசாயனத்தைக் கசியவிட்டால்தான் முளைக்கும். அந்த ரசாயனத்தைப் பயிர் வெளியிடுவதே வேறு காரணத்துக்காக: வேரோடு கூட்டுச் சேர்ந்து பாஸ்பரஸ் எடுத்துத் தரும் நல்ல பூஞ்சைகளுக்கு அது அழைப்பு. விருந்தாளியைக் கூப்பிட்ட குரல் கேட்டுத் திருடன் எழுந்து வந்துவிடுகிறான். வந்தவன் பயிரின் வேருக்குள் தன் வேரைச் சொருகி, தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் வளர்வான். களை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பயிர் ஏற்கனவே குன்றிப்போயிருக்கும், இலை சுருண்டு, தண்ணீர் இருந்தும் வறட்சியில் நிற்பது மாதிரி. அதற்கப்புறம் ஜெம்பே என்கிற மண்வெட்டியை எடுத்துக் கொத்தினால் என்ன, கையால் பிடுங்கினால் என்ன, அந்தப் பருவத்துச் சேதம் நடந்து முடிந்த கதை. பிடுங்குவது அடுத்த பருவத்து விதையைத் தடுக்கத்தான் உதவும், அதையும் செய்தே ஆக வேண்டும் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் 1956ல் வட, தென் கரோலினா பக்கம் இதன் இன்னொரு இனம் (நம் ஊர்ச் சுடுமல்லியேதான், ஸ்ட்ரைகா ஆசியாட்டிகா) மக்காச்சோளத்தில் தென்பட்டபோது, அந்த நாட்டு அரசு தனிமைப்படுத்தல் எல்லை போட்டு, மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி, பயிர் இல்லாத நேரத்தில் விதைகளை ஏமாற்றி முளைக்கவைத்துச் சாகடித்தார்கள். ஒட்ட வேர் இல்லாமல் முளைத்தால் அது செத்துத்தான் ஆக வேண்டும். அருமையான யோசனை, ஆனால் அரை ஏக்கர் ஷாம்பாவுக்கு எத்திலீன் சிலிண்டரை யார் கொண்டுவந்து இறக்குவது?

சரி, பொருளுக்கு வருவோம்.

வாங்கும் முறையே புதிது. அக்ரோவெட் என்கிற விவசாய மருந்துக் கடையில் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்து ரசீது போடும் கதை இல்லை. கிராமத்திலேயே பயிற்சி எடுத்த ஒருவர் இருப்பார், பெரும்பாலும் பெண்கள். ஆய்வகத்திலிருந்து வரும் குச்சிகளை வைத்து அவர்தான் சாதத்தில் பூஞ்சையை வளர்த்துக் கொடுப்பார். எங்களுக்குக் கிடைத்தவர் நண்பரின் அம்மாவுக்குச் சர்ச்சில் பழக்கம். அவர் வீட்டுக்கு நாங்கள் போனபோது சமையல் கட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மேஜை, துடைத்துச் சுத்தமாக, அதன் மேல் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்து காட்டினார். சாதப் பருக்கை ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாகப் பஞ்சு, சில இடத்தில் லேசான ரோஸ் சாயல், கட்டி சேராமல் உதிரி உதிரியாக. நாற்றம் அடிக்கும் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு குனிந்தேன், மழை பெய்த மண்ணும் புளித்த மாவும் கலந்த மாதிரி ஏதோ ஒரு மணம், அவ்வளவு மோசமில்லை. தினமும் டப்பாவைக் குலுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு மறுபக்கம் வெறும் சோறாகவே இருக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ எங்கேயாவது பூத்தால் வேறு பூசணம் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அந்த டப்பாவையே எரித்துவிடுவேன் என்றார். கேட்காமலே இதைச் சொன்னது எனக்குப் பிடித்தது. உள்ளூர் உரக்கடையில் காலாவதியான பாக்கெட்டின் தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டிய ஆளையும் நான் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறுவதால் நான் கொடுத்த தொகையை எழுதினால் உங்களுக்கு உபயோகப்படாது, எம்பெசாவில் (இங்கே செல்போனில் பணம் அனுப்பும் முறை) அனுப்பினோம், அதே விதைப்புக்கு டிஏபி உர மூட்டைக்குக் கொடுத்ததைவிட மனசு வலிக்காத தொகை.

விதைப்பு நாள்தான் உண்மையான பரீட்சை. வரிசை பிடித்துக் குழி போட்டு, குழிக்கு ஒரு சிட்டிகை சாதம், பிறகு உரம், அதன் மேல் கொஞ்சம் மண், அப்புறம் விதை, மூடு. எழுதும்போது ஒரு வரி. வயலில் நின்று செய்தால் இடுப்பு கழன்றுவிடும். 75க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 21,000 குழிக்கு மேல் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் குனிந்து ஒரு சிட்டிகை. கைக்கு ஒரு டப்பா, மேலே ஈரத்துணி, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது உயிருள்ள சரக்கு. யாருமே சொல்லித் தராத ஒரு பிரச்சினையும் வந்தது: கோழி. பக்கத்து வீட்டுக் கோழிகள் நாங்கள் குழி போடும் வரிசையிலேயே பின்னால் வந்து, மண் மூடுவதற்குள் சாதத்தைக் கொத்தித் தின்ன ஆரம்பித்துவிட்டன. கடைசியில் நண்பரின் தம்பி பையனைக் கம்போடு நிறுத்தினோம், அவன் கோழியை விரட்டியதைவிட எங்களைச் சுற்றி ஓடியதுதான் அதிகம். குழி போடுகிறவர் ஒருவர், சாதம் போடுகிறவர் ஒருவர், விதை போட்டு உடனே மூடுகிறவர் ஒருவர் என்று மூன்று பேராகப் பிரித்துக்கொண்டால் வேலை ஓடுகிறது. தனியாள் விதைப்பு என்றால் கஷ்டம். இந்தப் பக்கம் விதைப்பும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான், அவர்கள் நேரத்துக்கு யாரும் கூலிக் கணக்கு எழுதுவதில்லை. அந்தக் கூலியையும் சேர்த்தால் விலை மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

இப்போது உங்களில் விவசாயம் தெரிந்தவர்கள் நாற்காலி நுனிக்கு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பூஞ்சையின் பெயர் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம். ஆம், வாழையில் வாடல் நோய் போட்டுத் தோட்டத்தையே காலி செய்யும் அதே பெயர். கொண்டைக்கடலையிலும் தக்காளியிலும் வாடல் கொண்டுவருவதும் அதே பெயர். எந்த மடையன் காசு கொடுத்து ஃபியூசேரியத்தை வயலில் கொண்டுபோய்ப் போடுவான் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இதில் விஷயம் என்னவென்றால் அந்தப் பெயருக்குள் தனித்தனி வகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு செடியையோ அதன் நெருங்கிய உறவையோதான் தாக்கும். வாழையைத் தாக்குவது க்யூபென்ஸ், கொண்டைக்கடலையைத் தாக்குவது சைசெரிஸ், தக்காளிக்கு லைகோபெர்சிசி, இங்கே நாம் போடுவது ஸ்ட்ரைகே. வாழை வாடல் பிடித்த நிலத்தில் தக்காளி நட்டால் அந்தப் பூஞ்சை தக்காளியை ஒன்றும் செய்வதில்லை, அதே கதைதான் இங்கேயும். மக்காச்சோளக் கதிரில் பூசணம் பிடித்து நச்சு உண்டாகிறதே, அதற்குக் காரணமான ஃபியூசேரியம் வேறு இனம், வெர்டிசிலியாய்டிஸ். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கென்யாவின் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ல் இதைப் பதிவு செய்திருக்கிறது. கேட்டதை நம்பிப் போட்ட பொருள் இல்லை, அனுமதி உள்ள பொருள்.

இந்த வகைப் பூஞ்சை கென்ய மண்ணிலேயே இருக்கிறது, நோய் பிடித்த ஸ்ட்ரைகா செடியிலிருந்து எடுத்ததுதான். அப்படியானால் வயலில் தானாகவே களையைக் கொன்றிருக்க வேண்டாமா? கொல்லாது. தன் சோற்றுக்கு ஆதாரமான செடியை முழுசாக அழித்துவிட்டால் நோய்க்கிருமிக்கே பிழைப்பு இல்லை, அதனால் இயற்கையில் அது கொஞ்சம் கடித்துக் கொஞ்சம் விட்டுவைக்கும். இங்கேதான் அமெரிக்காவின் மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்து டேவிட் சாண்ட்ஸின் யோசனை வருகிறது. சில அமினோ அமிலங்கள், சாப்பாட்டில் இருக்கும் சாதாரணச் சரக்குதான், அளவுக்கு மீறிப் போனால் சில செடிகளுக்கு விஷமாகிவிடும். லூசினும் டைரோசினும் ஸ்ட்ரைகாவுக்கு அப்படி. அந்த அமினோ அமிலங்களைத் தேவைக்கு மேல் சுரந்து வெளியே கொட்டும் பூஞ்சைகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். மரபணு மாற்றம் எதுவும் இல்லை, இயற்கையாகவே மாறியவற்றில் தேர்ந்தெடுத்தது. அப்படி வந்ததுதான் ஃபாக்ஸி டி14. மக்காச்சோள வேரைச் சுற்றிக் குடியிருந்துகொண்டு, ஸ்ட்ரைகா வேரைச் சொருக வரும்போது அதற்குள் புகுந்து, கொட்டும் சரக்கால் உள்ளிருந்தே கொல்கிறது. அதாவது சண்டை நடப்பது மண்ணுக்கு அடியில், சேதம் ஆரம்பிக்கும் இடத்திலேயே. மேலே தெளிக்கும் எந்த மருந்தும் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேராது.

எங்கள் வயலில் என்ன நடந்தது? நண்பரின் அம்மா கெட்டிக்காரர், ஓரத்தில் ஒரு துண்டைப் பூஞ்சை போடாமலே விட்டார், விதையும் உரமும் அதே. பயிர் இடுப்பு உயரம் வரும் வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது, எனக்கு ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணம் வந்துவிட்டது. பிறகு விட்ட துண்டில் ஊதாப் பூ எட்டிப் பார்க்க ஆரம்பித்தது, கொத்துக் கொத்தாக. சாதம் போட்ட பக்கமும் முளைத்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதுவும் தாமதமாக, சிலது பூக்கும் முன்பே தண்டு கறுத்துத் தொங்கியது. ஒன்றைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பழுப்பாக, ஈரமில்லாமல் இருந்தது. விட்ட துண்டில் பிடுங்கியது பச்சைத் தண்டும் வெள்ளை வேருமாகக் கொழுகொழுவென்று, மக்காச்சோள வேரைப் பிய்த்துக்கொண்டேதான் வந்தது. கதிர் முற்றி உரிக்கும்போது வித்தியாசம் யாரும் சொல்லாமலே தெரிந்தது: இந்தப் பக்கம் நுனி வரை மணி பிடித்த கதிர், அந்தப் பக்கம் பாதிக் கதிர் பொக்கை. எடை போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள், மூட்டைகள் எல்லாம் கலந்துதான் வீட்டுக்குப் போயின.

எடை போட்டவர்கள் இருக்கிறார்கள். கென்ய வேளாண், கால்நடை ஆராய்ச்சி நிறுவனமான கால்ரோவின் ஹென்றி சிலா நிசியோகியும் சாண்ட்ஸ் குழுவும் சேர்ந்து மேற்குக் கென்யாவில் 500 விவசாயிகள் வயலில் சோதித்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட மழைப் பருவத்திலும் குறுகிய மழைப் பருவத்திலும் 40 சதவீதத்துக்கு மேல் விளைச்சல் கூடியது என்று வந்தது. ஆய்வுப் பண்ணையில் வேலி கட்டிச் செய்ததல்ல, விவசாயிகளின் சொந்த வயலில் அவர்களே போட்டுப் பார்த்தது என்பதால்தான் இந்த எண்ணுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் சராசரி என்பது சராசரிதான். களை மூட்டமாக இருக்கும் வயலில் லாபம் கண்ணுக்குத் தெரியும், களையே இல்லாத வயலில் போட்டால் சாதம்தான் வீண்.

பூஞ்சையை வைத்துக் களையைக் கொல்வது புதுசு என்று நினைத்திருந்தேன், இல்லை. 1981லேயே அமெரிக்காவில் அபாட் நிறுவனம் டிவைன் என்ற பெயரில் ஒன்றை விற்றது. புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் மரத்தைச் சுற்றி இறுக்கும் கொடிக்கு அது மருந்து. அதில் இருந்தது ஃபைட்டாப்தோரா பால்மிவோரா, அப்போது பூஞ்சை என்றார்கள், இப்போது வகைப்பாட்டில் பூஞ்சையோடு சேர்ப்பதில்லை. நன்றாகவே வேலை செய்தது, கொஞ்சம் அதிக நன்றாகவே: ஒருமுறை ஊற்றினால் மண்ணில் வருஷக்கணக்கில் தங்கிவிடும், தோட்டக்காரர் மறுபடி வாங்கவே தேவையில்லை. அதோடு குளிர்சாதனத்தில் வைத்தே அனுப்ப வேண்டும், சில வாரத்துக்கு மேல் தாங்காது. எந்தக் கம்பெனி இதை வைத்துக் காலம் தள்ளும்? அடுத்த வருஷமே, 1982ல், அர்கன்சாஸ் நெல் வயல்களில் வரும் ஒரு களைக்கு கொல்லெகோ என்ற இன்னொரு பூஞ்சைக் களைக்கொல்லி வந்தது. உலர்ந்த தூளாக வந்ததால் அதற்கு வைப்பு வசதி உண்டு, ஆனால் ஒரே ஒரு களைக்கு மட்டும் என்றால் சந்தை எவ்வளவு பெரிசாக இருக்கும்? இடையில் விற்பனை நின்று, பிறகு லாக்டவுன் என்ற வேறு பெயரில் திரும்பியது. கேரளத்திலும் அஸ்ஸாமிலும் தேயிலையையும் காட்டையும் மூடும் மிக்கானியா கொடிக்கு 2005, 2006ல் துரு நோய்ப் பூஞ்சை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள், இந்தியாவில் அது நிலைக்கவில்லை. அதே பூஞ்சை தைவானிலும் பப்புவா நியூ கினியிலும் ஃபிஜியிலும் பிடித்துக்கொண்டது. மண்ணும் மழையும் செடியின் வகையும் ஒத்துவர வேண்டும், உயிரை விற்பதில் இதெல்லாம் இருக்கிறது.

பழைய சரக்குகள் எல்லாம் கடைசியில் தடுக்கி விழுந்தது அலமாரியில்தான். எவ்வளவு நாள் தாங்கும், எப்படி அனுப்புவது, யார் திரும்ப வாங்குவார்கள். கிச்சாவி கில்காரர்கள் அந்த அலமாரியையே தூக்கி எறிந்துவிட்டார்கள். தாங்காதா, சரி, தாங்க வேண்டாம், பக்கத்து வீட்டிலேயே சாதம் வடித்து வளர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். உலர்ந்த குச்சியை அனுப்பக் குளிர்பெட்டி வேண்டாம், போடா போடா என்று இங்கே சொல்லும் வாடகை பைக் ஓட்டுகிறவர் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். எனக்கு இந்தப் பொருளில் பிடித்ததே இதுதான். பூஞ்சையைவிட இந்த ஏற்பாடு பெரிய கண்டுபிடிப்பு.

நான் பிடித்துக்கொண்ட ஒரு மதிப்பெண்ணும் இதே ஏற்பாட்டில்தான் இருக்கிறது. தயாரான சாதம் சில நாளுக்கு மேல் நிற்காது. மழையோ நம் சொல் கேட்காது. மார்ச் கடைசியில் வரும் என்று சொன்ன மழை தள்ளிப்போனால் டப்பாவில் இருக்கும் சாதம் உங்களுக்காகக் காத்திருக்காது, புதிதாக வடித்து மறுபடி வளர்க்க வேண்டும். மழை விழுந்த மறுநாளே ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விதைக்கக் கிளம்பினால் அந்த ஒற்றை அம்மா எத்தனை பேருக்குச் சமைப்பார்? எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் சிலர் சாதம் இல்லாமலேயே விதைத்தார்கள். அடுத்து, தரம் முழுக்க அவர் கைச் சுத்தத்தை நம்பி இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தவர் பச்சைப் பூசணத்தை எரிப்பவர், எல்லாரும் அப்படியா? வாங்குகிறவருக்குக் கண்ணாலும் மூக்காலும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, நான் மேலே நிறமும் மணமும் அவ்வளவு விவரமாக எழுதியது அதற்காகத்தான். விதையிலேயே பூசி விற்கும் வடிவம் வந்தால் இந்தச் சிட்டிகைத் தொல்லையும் கோழித் தொல்லையும் போகும், ஆனால் அப்போது மறுபடி அலமாரிக்கே திரும்புகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. நைரோபியில் உள்ள பூச்சி ஆராய்ச்சி நிறுவனமான ஐசிபே சொல்லும் தள்ளு–இழு முறையில் வரிசைக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடியைப் போடுவார்கள், அதன் வேர்க்கசிவு ஸ்ட்ரைகாவை முளைக்கவைத்து ஒட்டவிடாமல் சாகடிக்கும், மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு. மாடு இருந்து, நிலத்தை நீண்ட காலத்துக்கு வைத்துக்கொள்கிறவர்கள் என்றால் எனக்கே அதுதான் மேல் என்று தோன்றும். குத்தகை நிலம், மாடு இல்லை, நடுவில் பீன்ஸ் போட்டே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு டெஸ்மோடியம் இடைஞ்சல். இமாசபைர் என்ற களைக்கொல்லி பூசிய, அதைத் தாங்கும் மக்காச்சோள விதையும் உண்டு. அதைக் கையாண்ட பிறகு கை கழுவாமல் வேறு விதையைத் தொட்டால் அது கருகும், வீட்டு விதையைச் சேர்த்துவைத்து விதைப்பவர்களுக்கு அது ஒத்துவராது. பூஞ்சைச் சாதம் எந்த ரக விதைக்கும் போகும், அதில் இதற்குப் பெரிய சௌகரியம்.

இதைப் படித்துவிட்டுத் தருமபுரியிலோ சேலத்திலோ கரும்புக்குள் சுடுமல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது, அண்ணே, ஊருக்கு வரும்போது நாலு குச்சி பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்று கேட்கப்போகிறீர்கள், என் மைத்துனரே கேட்டுவிட்டார். மாட்டேன். உயிருள்ள நோய்ப் பூஞ்சையை அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி குற்றம், அதைவிட முக்கியமாக, இந்த முறையின் அடிப்படையே அந்தந்த நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையை அந்தந்த நாட்டில் பயன்படுத்துவதுதான். நோய் பிடித்துக் கறுத்து நிற்கும் சுடுமல்லி நம் வயலிலும் இருக்கும், அதைப் பிடுங்கி வேளாண் பல்கலைக்கழகத்து நோயியல் துறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், என்னிடம் குச்சி கேட்பதைவிட அது உருப்படியான வேலை. அதுவரைக்கும் பூக்கும் முன் பிடுங்குவதும், கரும்பில் 2,4-டி அடிப்பதுமாகத்தான் ஓட்ட வேண்டும்.

கென்யாவில் இருப்பவர்களுக்கு: மார்ச் மழைக்கு வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே உங்கள் ஊர் அம்மாவிடம் பெயர் கொடுத்துவையுங்கள், மழை தள்ளினால் மறுபடி வடித்துத் தருவாரா, அதற்குத் தனிக் காசா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். டப்பாவைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஓரத்தில் ஒரு துண்டு போடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் நல்ல மழையா நல்ல பூஞ்சையா என்று கடைசி வரை தெரியாது. சாதம் அவர்கள் வடிப்பார்கள், கோழி விரட்ட ஆள் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.